இருங்க, சாப்பிட்டுட்டு வரேன்

அநியாயம் நடந்தது சுகந்திக்கு. அவளுடைய குரலை எடுத்து இன்னொருத்தி பெயரில் எழுதிவிட்டார்கள். ஒளித்து மறைத்துக்கூட இல்லை. சேலம் கடைவீதியில், வெள்ளைச்சேவல் ஸ்டோர் வாசலில், ஆள் உயரத்துக்கு ஃபிளெக்ஸ் அடித்து, 'நம்ம ஊரு மறக்காத குரல், திருமதி சௌந்தரா அவர்கள்' என்று தங்க எழுத்தில் போட்டு, பொன்னாடை போர்த்தும் விழா, இன்று காலை, அனைவரும் வருக என்று கும்பிடும் போட்டிருந்தார்கள். அநியாயத்துக்குக் கும்பிடு வேறு. சுகந்தியின் மகள் யாமினி, பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படிக்கிறவள், பட்டிமன்றம் என்றால் ஆள் கிடைக்காத அணியாகப் பார்த்துக் கேட்டு வாங்கிக்கொள்கிறவள், துணிப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அந்த ஃபிளெக்ஸுக்கு எதிரே நின்று ஒருமுறை படித்தாள், மறுபடியும் படித்தாள். கோபம் வரவேண்டிய இடத்தில் எச்சில் ஊறியது. என்ன கண்றாவி இது. வாசலில் வைக்கோல் பரப்பி மாம்பழம் குவித்திருந்தார்கள். குண்டு ஒரு பக்கம், செந்தூரா ஒரு பக்கம், பச்சை மாறாத இமாம்பசந்து தனியாக ராஜா மாதிரி ஒரு கூடையில். அந்த வாசனை ஃபிளெக்ஸையும் சௌந்தராவையும் அநியாயத்தையும் சுற்றி வளைத்துக்கொண்டு வந்து நேரே தொண்டையில் இறங்கியது. மனுஷிக்குக் கோபம் முதலா பசி முதலா என்று யாராவது கேட்டால் இந்த வாசலில் நின்று பதில் சொல்லச் சொல்ல வேண்டும். அநியாயம்தான், அதில் சந்தேகமில்லை, அந்தக் குரல் அம்மாவுடையதாக இருந்தால். இருந்தால். அந்த ஒரு சொல்தான் நேற்று ராத்திரியிலிருந்து பல்லிடுக்கில் மாட்டிக்கொண்ட மாங்காய் நார் மாதிரி. நாக்கு அங்கேயே போய்ப்போய் நிற்கிறது.

அதோ, ஆரம்பித்துவிட்டது. கடை நெற்றியில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரில் முதலில் சேவல் கூவும், அப்புறம் அந்தப் பெண். 'சேவல் கூவிருச்சு, எந்திரிச்சாச்சா? வெள்ளரிப்பிஞ்சு வந்தாச்சு, கிர்ணி வந்தாச்சு, கொல்லிமலைப் பலாச்சுளை வந்தாச்சு, நம்ம ஊரு குண்டு மாம்பழம் வந்...' அங்கே பேச்சு அறுந்துபோகும். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு சின்னச் சிரிப்போடு, 'இருங்க, சாப்பிட்டுட்டு வரேன்!' அவ்வளவுதான் விளம்பரம். கடை எங்கே இருக்கிறது, என்ன விலை, ஒன்றும் கிடையாது. ஒரு காலத்தில் சினிமாக் கொட்டகை இடைவேளையில் சேவல் படம் போட்ட ஸ்லைடோடு இதைத்தான் போடுவார்களாம். வண்டியில் மைக் கட்டித் தெருத்தெருவாகவும் விடுவார்களாம். ஊரே அந்த வரியை எடுத்துக்கொண்டது. கடன்காரன் வந்தால் இருங்க சாப்பிட்டுட்டு வரேன். பஸ் எப்போ எடுப்பீங்க என்றால் கண்டக்டர், இருங்க சாப்பிட்டுட்டு வரேன். யாமினியே எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள். ஹாஸ்டலில் தெற்கத்திப் பெண்களிடம் சொல்லி, அவர்கள் முழிக்க, இது எங்க ஊர் ஜோக்குடி, விளக்கினா செத்துரும் என்றிருக்கிறாள். அம்மாவின் வாய்ச்சொல்லை அம்மாவுடையது என்று தெரியாமலேயே கண்ட இடத்திலும் சில்லறை மாதிரி வீசியிருக்கிறோமா? அம்மாவிடமே சொல்லியிருக்கிறோமே. துணி மடிக்க வாடி என்றால், இருங்க சாப்பிட்டுட்டு வரேன். அப்போது அம்மா முகம் எப்படி இருந்தது? சிரித்தாளா? துணியைப் பார்த்தாளா? நினைவில் துணி இருக்கிறது, அப்பாவின் கட்டம் போட்ட லுங்கி, அதை இரண்டாக நாலாக மடிக்கிற கை இருக்கிறது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஜன்னல் வெளிச்சம்.

சொன்னது கலைவாணி சித்தி. அம்மாவின் தங்கை. நேற்று போனில். யாரோ அனுப்பிய கடை வீடியோவைப் பார்த்துவிட்டு, "ஏண்டி யாமினி, உங்கம்மா கொரலை யாரோ சௌந்தராவுதுங்கறானுங்க, நீ சோசியாலஜி படிச்சு என்னத்தடி கிழிக்கிற?" என்று எடுத்த எடுப்பில் கேட்டாள். அம்மா அப்போது ப்ளஸ் டூ முடித்த சமயமாம். பள்ளிக்கூடத்தில் காலையில் மைக்கில் செய்தி வாசிக்கிறவள் அவள்தானாம். கடை முதலாளி, இப்போதிருப்பவரின் அப்பா, அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கே வந்து கேட்டாராம். மைக்செட் கடைப் பின்ரூமில் வைத்துப் பதிவு. தாத்தா ஒத்துக்கொண்டார், ஒரே நிபந்தனை, பேர் வரக்கூடாது. கல்யாணம் ஆகாத பொண்ணு, கொட்டகையில கண்டவன் கேப்பான், பேரு வெளிய போனா நாளைக்கு எவன் வருவான் பொண்ணு பாக்க. பேர் போடவில்லை. யாருக்கும் சொல்லவும் இல்லை. சம்பளமாக ஒரு கூடை மாம்பழம் வந்தது. "அதுல பாதி நான்தான் தின்னேன்" என்றாள் சித்தி. சரி, ஆனால் சித்தி சொல்வதை எப்படி நம்புவது? இதே சித்திதான் ஏற்காட்டில் தன்னை ஒரு சிறுத்தை துரத்தியது என்று சொல்லி, அப்புறம் அது நாயாகி, அப்புறம் துரத்தியதே இவள்தான் என்று ஆன கதை. ஆதாரம் என்ன என்று யாமினி கேட்டதற்கு, "ஆதாரமா? எங்கக்கா தொண்டைடி அது!" என்று கத்தினாள். அந்தத் தொண்டைதான் இப்போது இல்லையே. அதைத்தானே டாக்டர் கத்தி வைத்துத் திறந்தார், தைராய்டு கட்டி என்று, யாமினி எட்டாவது படிக்கிறபோது. கட்டியை எடுத்தார்கள், நல்ல கட்டிதான், பயமில்லை என்றார்கள். நரம்பில் ஏதோ பட்டுவிட்டது. அதன்பிறகு அம்மா பேசினால் உப்புத்தாள் போட்டு மரத்தைத் தேய்க்கிற மாதிரி. பேங்கிலிருந்து போன் வந்தால், "சார், சுகந்தி மேடம்கிட்ட பேசலாமா?" என்கிறான். அம்மா, "அவங்க இல்ல" என்று சொல்லி வைத்துவிடுவாள். அவங்க இல்ல. எத்தனையோ தடவை பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுச் சிரித்திருக்கிறாள் யாமினி. அது பொய் சொல்கிற அம்மாவைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு. பொய்தானா அது?

பயம் அங்கே இல்லை, அதற்கு அடுத்த படியில். நேற்று ராத்திரி படுத்துக்கொண்டு, சரி, அம்மாவின் பழைய குரலை நினைத்துப் பார், அதையும் விளம்பரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார், ஐந்து நிமிஷ வேலை என்று ஆரம்பித்தாள். கிடைக்கவில்லை. எட்டாவதுக்கு முந்தி எத்தனை வருஷம் இருக்கிறது, எவ்வளவு பேசியிருப்பாள் அம்மா, தாலாட்டியிருப்பாள், திட்டியிருப்பாள், டி.வி. சத்தத்தைக் குறை என்றிருப்பாள். வார்த்தைகளெல்லாம் இருக்கின்றன. 'மழை வருது, ஜன்னலைச் சாத்து.' 'சட்டைக்காலர்ல என்னடி இது, மை?' 'விழுந்தியா, எங்க, காட்டு.' ஆனால் எல்லாவற்றையும் இப்போதைய அம்மாதான் பேசுகிறாள், அந்த உப்புத்தாள் தொண்டையோடு. மூன்று வயதில் விழுந்து எழுந்த யாமினியைத் தூக்குகிற மெலிந்த கறுத்த இளம் அம்மா, வாயைத் திறந்தால் ஆபரேஷனுக்கு அப்புறம் வந்த குரல். யாரோ உட்கார்ந்து எல்லா ரீலுக்கும் ஒரே ஆளை வைத்து டப்பிங் பண்ணிவிட்ட மாதிரி. ஒரு மகளுக்கு இது மறக்கலாமா? கன்றுக்குட்டிகூட இருட்டில் சத்தம் கேட்டுத் தாயைக் கண்டுபிடிக்கும் என்கிறார்கள். சினிமாவில் ஒரு பாட்டைக் கேட்டதும் பிள்ளைகள் ஓடிவந்து கட்டிக்கொள்கின்றன. இங்கே நெற்றிக்கு மேலே குழாய் கட்டிக் கூவுகிறார்கள், வெள்ளரிப்பிஞ்சு வந்தாச்சு, கிர்ணி வந்தாச்சு, ஒரு மயிர்க்கால்கூடச் சிலிர்க்கவில்லை. யாரோ ஒரு பெண். தெம்பான, கொஞ்சம் மூக்கால் பேசுகிற, தான் கெட்டிக்காரி என்று தெரிந்த ஒரு பெண். ரோட்டில் பார்த்தால் யாமினிக்குப் பிடிக்காமல்கூடப் போகலாம். அம்மாவா இது? அம்மாவாக இருந்தால், இது ஒன்றுதான் மிச்சம். வீட்டில் பழைய வீடியோ கிடையாது, கேசட் கிடையாது, கல்யாண வீடியோவில்கூட முழுக்க நாதஸ்வரம். அம்மாவின் குரல் உலகத்தில் எஞ்சியிருக்கிற ஒரே இடம் ஒரு மளிகைக்கடை ஸ்பீக்கர், அதையும் சௌந்தரா என்று எழுதி வைத்திருக்கிறார்கள், அதைக் கேட்டு அடையாளம் சொல்லவேண்டிய ஒரே ஆள் எதிரே நின்று மாம்பழத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அம்மாவையே கேட்டிருக்கலாமே என்றால், கேட்டாள். நேற்றே கேட்டாள். அம்மா சிங்க்கில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளைச்சேவல் விளம்பரத்துல பேசினது நீயாம்மா என்றதற்குத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "காலைல போய்க் குண்டு மாம்பழம் வாங்கிட்டு வா. வெள்ளைச்சேவல்லயே வாங்கு" என்றாள். இது பதிலா? யாமினிக்குச் சுர்ரென்றது. அவளுக்கு இந்தப் பதில் தெரியும், இந்தத் தலைமுறையின் பதில், பேச்சை எடுத்தால் சோற்றைப் போடுகிறது. விடு, போகட்டும், சாப்பிடு. யார் வந்து எதைத் தூக்கிக்கொண்டு போனாலும் விடு, போகட்டும், சாப்பிடு. படுக்கையில் அதற்கு எதிராக வாதங்களை அடுக்கினாள். விடறதுக்கு அது உன் சொத்து மட்டும் இல்லைம்மா. பேர் போடாத வேலை வேலையே இல்லைன்னு ஆக்கினதாலதான் பொம்பளைங்க வேலைக்கெல்லாம் பேரில்லாம போச்சு. நல்ல வாதம். கை தட்டுவார்கள். ஆனால் விடிகாலையில் கண் விழித்ததும் இன்னொன்று தோன்றியது. வீட்டில் எப்போதும் அம்மாப்பேட்டைத் தள்ளுவண்டியில்தான் பழம் வாங்குவது. வெள்ளைச்சேவலில் அம்மா ஒரு சீரகம் வாங்கிப் பார்த்ததில்லை. அந்தத் தெரு வழியாக பஸ் போனால் ஜன்னல் சீட்டில் இருந்தாலும் இந்தப் பக்கம் திரும்பிக்கொள்வாள். அது வெயிலுக்காகவா? எந்தப் பக்கம் வெயில் அடிக்கும் அந்நேரத்தில்? இந்தக் கேள்வியோடுதான் வந்தாள். இதுவும் சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான், எதுவும் தெளியவில்லை.

உள்ளே கூட்டம். ஏசிக் குளிரில் பழ வாசனை கெட்டிப்பட்டு நின்றது. ஒரு மேசையில் எல்லாம் நறுக்கி வைத்து, ருசி பார்த்து வாங்குங்க என்று எழுதியிருந்தது. யாமினி பார்க்கக்கூடாது என்றுதான் நினைத்தாள். இது ஒரு தந்திரம், வாயில் போட்டவன் வெறுங்கையோடு போக வெட்கப்படுவான் என்கிற கணக்கு. நினைத்துக்கொண்டே ஒரு வெள்ளரிப்பிஞ்சை எடுத்தாள். நாலாகக் கீறி உப்பும் மிளகாய்த்தூளும் தடவியது. கடித்ததும் தண்ணீர் தெறித்தது, பச்சை வாசனை, பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியே நிற்கிற மத்தியானம். அடுத்தது நுங்கு, வழுக்கிக்கொண்டு தானே இறங்கியது. பலாச்சுளை ஒன்று, தேன் மாதிரி என்று சொன்னால் தேனுக்குத்தான் பெருமை. எதிர்ச் சுவர் முழுக்கப் பழசு. துருப்பிடித்த தகர போர்டு, சேவல் போட்ட மஞ்சள் துணிப்பை, கிழிக்காத தினசரிக் காலண்டர் அட்டை, கூரையிலிருந்து நூல்கண்டு தொங்குகிற மாதிரி ஒரு ஜோடனை, பொட்டலம் கட்டுகிற நியூஸ்பேப்பர்கூடக் கண்ணாடிச் சட்டத்துக்குள். 'மழைக்காலமா? எங்கள் வத்தல் நமுக்காது!' 'மாமியார் மெச்சும் மல்லித்தூள்.' ஆட்கள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். போன செமஸ்டரில் யாமினி இதைப் பற்றித்தான் பேசினாள்: நேற்றை விற்கிறவன் நம்மிடமிருந்து எடுத்ததையே நமக்குத் திரும்ப விற்கிறான், ஏக்கம் என்பது சரக்கு தீர்ந்துபோன கடையின் கடைசிச் சரக்கு. பேராசிரியர் தலையாட்டினார். இப்போது மாமியார் மெச்சும் மல்லித்தூளைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. அவளுக்குப் பிடித்திருந்தது. அந்தச் சேவலின் கோணல் கொண்டை பிடித்திருந்தது, வரைந்தவனுக்குச் சேவலைவிடக் கொண்டை பெரிதாகப் போய்விட்டது. அந்தப் பழைய விளம்பரப் பொய்க்கு ஒரு கூச்சம் இருந்தது. இப்போதைய விளம்பரம் மாதிரி உன் உடம்பில் என்ன குறை தெரியுமா என்று மிரட்டவில்லை. பிடிக்கலாமா? எதிரியின் சுவர் இது. அந்தச் சுவருக்குள்ளேயே எங்கேயோ அம்மா இருக்கிறாள், ஜோடனையில் ஒரு ஜோடனையாக. ஐயோ, ஒரு கேள்வியோடு வந்தால் இந்தக் கடை ஒவ்வொரு மேசையிலும் ஒரு கேள்வி வைத்திருக்கிறதே.

மறுபடி சேவல் கூவியது. வாசலில் கேட்கிறபோது கூட்டமே சேர்ந்து சொல்லும், அந்த இடம் வந்ததும் சின்னப் பிள்ளைகள் முந்திக்கொண்டு 'இருங்க!' என்று கத்தும், அதனால் அறுந்துபோன பேச்சுக்கும் சிரிப்புக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று யாமினி காதுகொடுத்ததே இல்லை. ஒன்றுமில்லாத இடம் என்றுதான் நினைத்திருந்தாள். இங்கே பழைய சாமான் மூலையில் ஒரு சின்ன ஸ்பீக்கர் தனியாக, அவள் தோளுக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நம்ம ஊரு குண்டு மாம்பழம் வந்... அப்போது அது கேட்டது. நீளமான ஒரு உறிஞ்சல், உள்ளே இழுத்து, இழுத்து, முடிகிற இடத்தில் நாக்கு அண்ணத்தை விட்டுப் பிரிகிற ஒரு 'ட்சக்', அதற்குப் பிறகு மூக்கு வழியாக ஒரு குட்டிப் பெருமூச்சு. யாமினியின் கையில் இருந்த பலாக்கொட்டை கீழே விழுந்தது. அது சமையலறை. அது மே மாசத்துச் சமையலறை, சிங்க்குக்கு மேல் குனிந்துகொண்டு, சாறு புடவையில் சொட்டாமல் இருக்க முழங்கையை அகட்டிக்கொண்டு, எல்லோருக்கும் கதுப்பை அரிந்து கொடுத்துவிட்டுக் கொட்டையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒருத்தி சப்புகிற சத்தம். ட்சக். மூச்சு. எத்தனை தடவை ஹாலிலிருந்து கத்தியிருக்கிறாள், "அம்மா, தெரு முனை வரைக்கும் கேக்குது!" என்று. இது தொண்டையில் வருகிற சத்தமே இல்லை. உதடும் நாக்கும் மூக்கும். டாக்டரின் கத்தி போகாத இடம். குரலைத் தேடிக் குரல் கிடைக்காமல் போனாளே, போன வாரம்கூட வீட்டில் கேட்டாளே இதை! முடிகிற வரைக்கும் நின்று, மறுபடி சேவல் கூவ, மறுபடி கேட்டாள். இந்தத் தடவை அந்தக் கெட்டிக்காரப் பெண் பேசுகிறபோது உறிஞ்சலிலிருந்து பின்னோக்கி ஏதோ பரவியது, காகிதத்தின் ஒரு மூலையில் எண்ணெய் வைத்தால் எழுத்தெல்லாம் தெரிகிற மாதிரி. வெள்ளரிப்பிஞ்சு வந்தாச்சு. மழை வருது, ஜன்னலைச் சாத்து. வந்தாச்சு. விழுந்தியா, எங்க, காட்டு. ஒரு நொடி இருந்தது, சத்தியமாக இருந்தது. பிறகு போய்விட்டது.

கோபம் இப்போதுதான் உருப்படியாக வந்தது. கல்லா அருகே சிவபாலன் நின்றிருந்தார், இப்போதைய முதலாளி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம், எல்லோரையும் வாங்க வாங்க என்றுகொண்டு. யாமினி நேரே போய், "சார், அது சௌந்தரா அம்மா குரல் இல்ல, எங்கம்மா குரல்" என்றாள். அவர் சிரித்தார். "எங்க சின்னத்தை குரலு எனக்குத் தெரியாதா பாப்பா? நாங்க சின்னப் பசங்களா இருக்கறப்ப தெனம் பேசிக் காட்டுவாங்க." ஆதாரம் இருக்கா என்றாள் யாமினி, நேற்று சித்தியிடம் கேட்ட அதே சொல். "ஆதாரமே அந்தா உக்காந்திருக்குது, கேட்டுக்க" என்றார். மேடைக்குப் பக்கத்தில் மெரூன் பட்டுப்புடவையில் ஒரு அம்மாள், கையில் பீங்கான் கிண்ணம், சதுரம் சதுரமாக வெட்டிய மாம்பழத்தை முள்கரண்டியால் குத்திக் குத்தி, சத்தமே இல்லாமல் தின்றுகொண்டிருந்தாள். யாமினி எதிரில் போய் நின்றாள். ராத்திரி அடுக்கிய வாதமெல்லாம் தொண்டையில் தயாராக நின்றது. ஆனால் வாயைத் திறந்தபோது, "அம்மா, அதுல மாங்கொட்டை சப்புனது நீங்களா?" என்றுதான் வந்தது. சௌந்தரா நிமிர்ந்து பார்த்தாள். கரண்டி அந்தரத்தில் நின்றது. "சப்புனதா?" என்றாள். "நான் கொட்டையே சாப்பிட மாட்டேனே கண்ணு, பல்லு கூசும்." சிவபாலன் பின்னாலேயே வந்து நின்றார். சௌந்தராவுக்கும் ஏதோ அறுந்துபோன மாதிரி இருந்தது, கண் எங்கேயோ போனது. "அந்த ரூம்ல நான் இருந்தேன்டா சிவா. உங்கப்பா கூட்டிட்டுப் போனாரு. நான்தான் பழம் நறுக்கினேன். பாத்துப் பேசட்டும்னு தட்டுல வெச்சா, அந்தப் புள்ளை பேசிட்டு இருக்கறப்பவே எடுத்து வாயில வெச்சுட்டா. மைக்செட்டுக்காரர் சிரிச்சுட்டே நிறுத்தாம விட்டுட்டாரு." "எந்தப் புள்ளை அத்தை?" "ஒல்லியா, ரெட்டைச் சடை. பேரு சொல்லக் கூடாதுன்னு அவங்கப்பா கூடவே உக்காந்திருந்தாரு." அவள் யாமினியைப் பார்த்தாள், கோபமாக இல்லை, வழி தப்பின ஆள் பார்க்கிற மாதிரி. "வீட்டுல வந்து எல்லாருக்கும் பேசிக் காட்டினேன். திரும்பத் திரும்பக் காட்டச் சொன்னாங்க. அப்புறம் நான்தான் பேசினேன்னாங்க. இத்தனை வருஷத்துல எனக்கே... நான்தான்னே ஆயிருச்சு கண்ணு."

இவளிடம் எப்படிச் சண்டை போடுவது? மகளுக்கே அம்மாவின் குரல் மறந்துபோனது, இவளுக்கு இன்னொருத்தியின் குரல் தன்னுடையதாக நினைவிருந்தது. இரண்டில் எது பெரிய குற்றம்? சிவபாலன் கைக்குட்டையால் சந்தனத்தைத் துடைத்துக்கொண்டு, "இப்ப என்ன பண்ணணுங்கற பாப்பா? விழா இப்ப ஆரம்பிக்கணும். உங்கம்மாவே ஒண்ணும் கேக்கலையே?" என்றார். அதுதானே. அம்மா கேட்கவில்லையே. பழம் வாங்கிட்டு வா என்றாளே. அவளுக்கு வேண்டாத பேரை மகள் போய் வாங்கிக் கொடுத்தால் அது மட்டும் என்ன நியாயம், தாத்தா வேண்டாம் என்று முடிவு பண்ணினார், இப்போது பேத்தி வேண்டும் என்று முடிவு பண்ணுகிறாள், நடுவில் இருக்கிறவளை யார் கேட்டார்கள்? "இருங்க" என்றாள் யாமினி, பக்கத்தில் யாரோ அனிச்சையாக "சாப்பிட்டுட்டு வரேன்" என்றார்கள். போனை எடுத்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி லவுட்ஸ்பீக்கரில் போட்டாள். மணி போனது. அம்மா எடுத்தாள், எடுத்துவிட்டு வழக்கம்போலப் பேசாமல் இருந்தாள், எதிராளி சார் என்கிறானா என்று பார்க்கிற அந்த மௌனம். "நான்தாம்மா. கடையில இருக்கேன்." பின்னால் சேவல் கூவியது. இரண்டு பேரும் கேட்டார்கள், முழுசாக, வெள்ளரிப்பிஞ்சிலிருந்து உறிஞ்சல் வரை. "அம்மா, அந்தக் கொட்டை சப்பற சத்தம் நீதான். எனக்குத் தெரியும்." அதே மூச்சில் தொடர்ந்தாள். "நீ விடு, போகட்டும்னு சொல்லப்போற, தெரியும், ஆனா நான் என்ன சொல்றேன்னா, விடறதுக்கு அது..."

"யாருடி விடச் சொன்னா?" என்றது உப்புத்தாள். "இன்னும் சொல்லலையா நீ அவங்ககிட்ட?"

யாமினி கக்கத்துத் துணிப்பையைப் பார்த்தாள். "நீ... பழம் வாங்கத்தானே அனுப்பின?"

"பழம் தள்ளுவண்டியில கிடைக்காதா? ஊர்ல ஒருத்தர் விடாம சண்டை போடுறவளாச்சேன்னுதான் உன்னை அனுப்பினேன்."

"நேத்துக் கேட்டப்பவே நான்தான்னு சொல்லியிருக்கலாம்லம்மா? இத்தனை வருஷமா ஏன் சொல்லலே?"

"இந்தத் தொண்டைய வெச்சுக்கிட்டு நான்தான்னு சொன்னா யாரு நம்புவா? நீயே கேட்டுட்டு ஆதாரம்பே."

சிவபாலன் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். சௌந்தரா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, அந்தச் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாமினி புறங்கையால் மூக்கைத் துடைத்தாள், பலாப்பழ வாசனை. "சரி, என்ன போடச் சொல்லட்டும்? சுகந்தின்னா போதுமா?"

"இனிஷியலோட போடச் சொல்லு."

"அப்பா இனிஷியலா?"

"உங்கப்பன் அப்ப எங்க இருந்தான்? எங்கப்பா இனிஷியல். வெ. சுகந்தி. அவருதானே எம்பேரைப் போடக் கூடாதுன்னாரு, அவரு பேரும் சேந்தே தொங்கட்டும் அந்த வாசல்ல."